‘நான் நலம்’: போர்முனையில் இருந்து வீட்டுக்கு வரும் ஒரு வரியை யாரெல்லாம் படிக்கிறார்கள்?

உக்ரைன் போர்முனையில் இருக்கும் வீரர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பும் மெசேஜ் ஒரே ஒரு கூட்டல் குறிதான். ‘+’. அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, அடிபட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்காது. அடுத்த கூட்டல் குறி வரும் வரை வீட்டில் இருப்பவர்கள் போனைக் கையிலேயே வைத்திருப்பார்கள்.

கையில் ஸ்மார்ட்போன், தலைக்கு மேலே சாட்டிலைட் இணையம். வீடியோ காலில் முகம் பார்த்துப் பேச வசதி இருக்கும் காலத்தில், ஏன் ஒரே ஒரு குறி? நேரமில்லை என்பது பாதிக் காரணம். மீதியைப் புரிந்துகொள்ள நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் போர்முனைக்குப் போன சிப்பாய் எழுதும் கடிதம் பல போர்களில் அவர் குடும்பத்துக்கு மட்டும் போகவில்லை. நடுவில் வேறு யாராவது படித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அடித்துவிட்டு அனுப்பும் அட்டை

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு ரெடிமேட் அஞ்சலட்டையைக் கொடுத்தது. கள சேவை அஞ்சலட்டை என்று பெயர். அதில் வாக்கியங்கள் ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருக்கும். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், உங்கள் கடிதம் கிடைத்தது, பார்சல் கிடைத்தது, ரொம்ப நாளாக உங்களிடம் இருந்து கடிதம் வரவில்லை. இப்படிச் சில வரிகள். பொருந்தாததை அடித்துவிட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். வேறு ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினாலும் அட்டை கிழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை இருக்கும்.

அந்த அட்டையில் ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்ல வழியே இல்லை. ‘காயம்’ என்று சொல்லலாம், ஆனால் கூடவே ‘தேறி வருகிறேன்’ என்ற வரியும் தயாராக இருக்கும். இன்றைய கூட்டல் குறிக்கு இந்த அட்டைதான் தாத்தா.

பிரான்ஸ் குளிரில் இந்திய சிப்பாய்

சிப்பாய் வீட்டுக்கு எழுதும் கடிதம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உலக அளவில் பேசப்படும் பெரிய உதாரணமே இந்தியர்களுடையதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். அதில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் மேற்குப் போர்முனையான பிரான்ஸ், பெல்ஜியத்துக்குப் போனவர்கள். 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் முதல் படைகள் இறங்கின. அடுத்த மாதமே ஈப்ர் பகுதிச் சண்டை.

இறங்கியபோது பலர் உடம்பில் இருந்தது இந்திய வெயிலுக்குத் தைத்த பருத்திக் காக்கி. கம்பளி உடைகள் பிறகுதான் வந்தன. அந்தக் குளிர்காலத்தில் குண்டு பட்டு விழுந்தவர்கள் ஒரு பக்கம் என்றால், பதுங்குகுழித் தண்ணீரில் நாள் கணக்கில் நின்று கால் அழுகியவர்கள் இன்னொரு பக்கம்.

போனவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப், எல்லைப்புற மாகாணம், கர்வால், நேபாளம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ‘போர்க்குடிகள்’ என்று சில இனங்களை மட்டும் தனியாகப் பிரித்து ஆள் எடுத்தது அன்றைய பிரிட்டிஷ் அரசு. அந்தக் கொள்கையால் சென்னை மாகாணத்து ஆட்களுக்கு ராணுவத்தில் இடம் சுருங்கியிருந்தது. மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினர் மெசபடோமியா, அதாவது இன்றைய இராக் போர்முனையில் இருந்தார்கள். பிரான்ஸ் கடிதங்கள் உருது, குர்முகி, இந்தி, மராத்தி, பஷ்தூ என்று போவதற்கும் அதில் தமிழ்க் குரலைத் தேட முடியாததற்கும் இதுதான் காரணம்.

சரி, எழுதியது யார்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படைப்பிரிவில் எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். ஒய்.எம்.சி.ஏ. கூடாரங்களில் இலவசமாகக் காகிதம் கிடைத்தது, எழுதிக் கொடுக்கவும் ஆள் இருந்தார்கள். ஊருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் அங்கேயும் இதே கதைதான். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார். யாராவது சத்தமாக வாசிப்பார்கள், தெருவே கேட்கும். மனைவிக்கு மட்டும் சொல்ல நினைப்பதை எப்படிச் சொல்வது? பல சமயம் சொல்ல முடியாது. மனைவிமார் எழுதிய பதில்களும் ஆவணங்களில் அரிதாகவே கிடைக்கின்றன.

இந்த இரண்டு முனைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார் இன்னொருவர்.

பூலோனில் ஒரு வாசகர்

ஈவ்லின் ஹோவெல். இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. இந்தியக் கடிதங்களுக்கான தலைமைத் தணிக்கையாளராக நியமிக்கப்பட்டவர். முதலில் ரூவானிலும் பிறகு பூலோனிலும் அவருடைய அலுவலகம் இயங்கியது. ஆரம்பத்தில் அவருக்குக் கொடுத்த வேலை, வெளியில் இருந்து சிப்பாய்களுக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பது. அமெரிக்காவில் இருந்து கதர் கட்சியின் பிரசுரங்கள் படைக்குள் நுழைந்துவிடுமோ என்ற பயம் அரசுக்கு. கொஞ்ச நாளில் சிப்பாய்கள் எழுதி அனுப்பும் கடிதங்களும் அவர் மேஜைக்கு வந்தன.

1915 மார்ச் வாக்கில் பிரான்ஸில் இருந்த இந்தியப் படைகள் வாரத்துக்கு 10 ஆயிரம் முதல் 20 ஆயிரம் கடிதங்கள் எழுதின. ஹோவெலிடம் இருந்தது ஒரு சின்னக் குழு. எல்லாவற்றையும் படிப்பது நடக்காத காரியம். மாதிரிக்குச் சில கட்டுகளைப் பிரித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வாரா வாரம் அறிக்கை தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள்.

தணிக்கை என்றதும் கறுப்பு மை பூசுவதும் கிழித்துப் போடுவதும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே தடுத்து நிறுத்திய கடிதங்கள் குறைவு. படித்துவிட்டு ஒட்டி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அப்போ எதற்கு இவ்வளவு உழைப்பு? சிப்பாய் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான். இன்றைய மொழியில் சொன்னால், யாரிடமும் கேட்காமல் எடுத்த கருத்துக்கணிப்பு அது.

சிப்பாய்களுக்கும் இது தெரியும். கடிதம் பிரிக்கப்படுகிறது என்று ஊருக்கே எழுதி எச்சரித்தவர்கள் உண்டு. அதனால் குறியீட்டு மொழி பிறந்தது. ரொம்பப் பிரபலமானது மிளகு, மிளகாய்க் கதை. கறுப்பு மிளகு என்றால் இந்திய சிப்பாய்கள். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரப் படை. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, சிவப்பை அவ்வளவாகச் செலவழிப்பதில்லை என்கிற மாதிரி ஒரு வரி. மளிகை சாமான் விஷயம் போலத் தெரியும். ஊரில் இருப்பவருக்கு அர்த்தம் உடனே விளங்கும்: நம்ம ஆட்களைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள், யாரும் பட்டாளத்தில் சேராதீர்கள். ஹோவெலின் ஆட்களும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கண்டுபிடித்ததால்தான் இன்று நமக்கும் தெரிகிறது. கண்டுபிடிக்காமல் போனவை எத்தனையோ.

இன்னொரு விஷயம் ஹோவெலின் கண்ணில் பட்டது. சிப்பாய்கள் கடிதத்தில் கவிதை எழுத ஆரம்பித்திருந்தார்கள். ரசிக்க வேண்டிய விஷயம்தானே என்று தோன்றும். அவர் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை. 1915-ன் தொடக்கத்திலேயே, மனம் தத்தளிக்கிறது என்பதற்கான அடையாளம் இது என்று அறிக்கையில் குறிப்பிட்டார். நேராகச் சொல்ல முடியாததைத்தான் ஆள் பாட்டில் சொல்கிறான் என்று ஒரு தணிக்கை அதிகாரிக்குப் புரிந்திருக்கிறது. நல்ல வாசகர்தான், உட்கார்ந்திருந்த இடம்தான் தவறு.

அப்படி என்னதான் எழுதினார்கள்?

போரைப் பற்றி எழுதியதை விட ஊரைப் பற்றிக் கேட்டதே அதிகம். மழை பெய்ததா, மாடு எப்படி இருக்கிறது, நில வழக்கு என்ன ஆச்சு, தங்கைக்கு வரன் அமைந்ததா, அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் போரைச் சொல்லும்போதும் உவமை வயலில் இருந்துதான் வரும். குண்டு அடைமழை போல விழும், பிணம் அறுத்துப் போட்ட கதிர் போலக் கிடக்கும்.

பிரான்ஸ் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெண்கள் படித்திருக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், வயலில் நிற்கிறார்கள், வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி பிடிக்கப் போன இடத்தில் இருந்து பெண் கல்விக்கு ஒரு சிபாரிசு வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

காயம்பட்டவர்களில் பலரை இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த ராயல் பெவிலியன் அரண்மனை 1914 டிசம்பரில் இந்தியர்களுக்கான மருத்துவமனையானது. சாதி, மத வழக்கம் பார்த்து 9 சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். அரசரே தன் அரண்மனையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார் என்று சிப்பாய்கள் பெருமையாக ஊருக்கு எழுதினார்கள். உண்மை என்னவென்றால் அந்தக் கட்டடம் 1850-லேயே பிரைட்டன் நகரத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. பெவிலியன் மருத்துவமனை பற்றி ஆங்கிலம், உருது, குர்முகியில் படத்தோடு புத்தகமே அச்சடிக்கப்பட்டது. இந்தக் கடிதங்கள் தடையில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் அரசுக்கு லாபம்தானே.

அதே ஊரில் கிச்சனர் மருத்துவமனை என்று இன்னொன்று. பழைய ஏழைகள் விடுதிக் கட்டடம். சுற்றிலும் முள்கம்பி, வாசலில் காவல், வெளியே போக அனுமதி இல்லை. அங்கிருந்து போன கடிதங்கள் அதைச் சிறை என்றே குறிப்பிட்டன.

சிப்பாய்களை எதை விடவும் உடைத்தது ஒரு விதி. காயம் ஆறியதும் திரும்பவும் முன்வரிசைக்கு அனுப்புவது. கை, காலைக் கொடுத்தாயிற்று, கடன் தீர்ந்தது, இனி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நம்பியவர்களுக்கு இது பேரிடி. இரண்டாம் முறை அனுப்பினால் பிழைக்க மாட்டோம் என்ற விரக்தி கடிதம் கடிதமாக வந்தது. ஹோவெலின் அறிக்கைகள் அதை மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தன. 1915 கடைசியில் இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் இரண்டும் பிரான்ஸில் இருந்து விலக்கப்பட்டு மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டன. முடிவுக்குக் காரணங்கள் பல. ஆனால் முடிவெடுத்தவர்கள் மேஜையில் சிப்பாயின் மனநிலை பற்றிய தகவல் இல்லாமல் இல்லை. அந்தத் தகவல் வந்த வழி, அவன் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எழுதிய கடிதம்.

அசல் கடிதங்கள் ஊருக்குப் போய்விட்டன. பெரும்பாலானவை கரையானுக்கும் அடுப்புக்கும் போயிருக்கும். இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களாக இருப்பது தணிக்கை அலுவலகம் எடுத்து வைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகள். வேவு பார்த்த காப்பிதான் மிஞ்சியிருக்கிறது.

தகவல் கசியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பு இல்லை என்பதைத் தமிழ் படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக் கூடாரத்துக்கு உள்ளே காவல் நிற்பவர்கள் பேசாமல் சைகையால் மட்டும் விஷயத்தைச் சொல்லும் மிலேச்சர்கள். உள்ளே நடப்பது வெளியே போகக் கூடாது என்றால் அதை விடப் பெரிய தணிக்கை என்ன இருக்கிறது? மறுபக்கம் அரண்மனையில் அரசிக்குக் கடிதமும் இல்லை, தூதும் இல்லை. முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், கன்றுக்குட்டியிடம் ஓர் ஆயர் பெண் பேசும் வார்த்தையை நற்சொல்லாகக் கேட்டு வந்து, உன் தலைவன் வந்துவிடுவான் என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

ராணுவம் கடிதத்துக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது?

படிப்பதற்காக மட்டும் இல்லை. கடிதம் நின்றால் ஆள் சோர்ந்துவிடுகிறான். இது எல்லா ராணுவங்களுக்கும் தெரிந்த கணக்கு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கடிதங்களைப் போட்டோ எடுத்து மைக்ரோபிலிமாகச் சுருக்கி அனுப்பியது. ‘வி-மெயில்’ என்று பெயர். 37 மூட்டைகளில் போக வேண்டிய ஒன்றரை லட்சம் கடிதங்கள் ஒரே மூட்டைக்குள் அடங்கின. எடை ஆயிரத்துச் சொச்சம் கிலோவில் இருந்து 20 கிலோவாகக் குறைந்தது. கப்பலிலும் விமானத்திலும் மிச்சமான இடம் தளவாடத்துக்கு. போட்டோ எடுக்கும் முன் தணிக்கை உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே போரில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1 கோடியே 70 லட்சம் தபால்கள் பட்டுவாடா ஆகாமல் கிடங்குகளில் தேங்கின. படைகள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் வந்த குழப்பம். 1945 பிப்ரவரியில் அதைச் சரிசெய்ய வந்தது 6888-வது மத்திய அஞ்சல் பட்டாலியன். 855 பேர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமை. ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்களாம். நம்ம ஊர் தபால்காரர் ஒரே தெருவில் நான்கு முருகேசனை வைத்துக்கொண்டு படும் பாட்டை இதோடு பெருக்கிக்கொள்ளலாம். 70 லட்சம் அட்டைகள் போட்டு, மூன்று ஷிப்டில் வேலை பார்த்து, 6 மாத வேலையை 3 மாதத்தில் முடித்தார்கள். இறந்துபோன வீரருக்கு வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்புவதும் இவர்கள் வேலைதான். 80 வருஷம் கழித்து, 2025 ஏப்ரலில்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் இந்தப் பிரிவுக்கு வழங்கப்பட்டது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது ராணுவ அஞ்சல் சேவை. ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிகளை ராணுவக் குடும்பங்கள் மனப்பாடமாகச் சொல்லும். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் கேட்டால் தெரியும். பெயர், படைப்பிரிவு, அதன் கீழே 56 ஏ.பி.ஓ. அவ்வளவே. எந்த மாநிலம், எந்த மலை, எந்த நாடு, எதுவும் இருக்காது. மகன் எங்கே இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் கடிதம் சரியாகப் போய்ச் சேரும். இடத்தை மறைத்துக்கொண்டே தொடர்பை வைத்திருப்பது என்ற யோசனையின் சுருக்கம் இந்த முகவரி.

இப்போது பிரச்சினை வார்த்தை இல்லை, சிக்னல்

ஹோவெல் காலத்தில் ஆபத்து கடிதத்தின் உள்ளே இருந்தது. இன்று போனை ஆன் செய்வதே ஆபத்து. பேசியது என்ன என்று எதிரிக்குத் தெரிய வேண்டியதில்லை, ஒரே கட்டடத்தில் திடீரென நூறு போன்கள் விழித்தால் போதும்.

2023 புத்தாண்டு பிறந்த நள்ளிரவில், ரஷ்யக் கட்டுப்பாட்டில் இருந்த மகீவ்காவில் வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை உக்ரைனின் ஏவுகணைகள் தாக்கின. 89 பேர் இறந்ததாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. தடையை மீறி வீரர்கள் கூட்டமாக செல்போன் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றும் சொன்னது. புத்தாண்டு ராத்திரி, வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

ஆனால் அந்த விளக்கத்தை ரஷ்யாவின் ராணுவ வலைப்பதிவர்களே ஏற்கவில்லை. இவ்வளவு பேரை ஒரே கட்டடத்தில், பக்கத்தில் வெடிமருந்தோடு தங்கவைத்தது யார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதிகாரிகளின் தவறுக்கு, வீட்டுக்குப் போன் போட்டவன் மேல் பழி போடுவது எளிது. செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை.

இணைய வசதியுள்ள போன்களை வீரர்கள் பணியில் பயன்படுத்த ரஷ்யா 2019-லேயே தடை போட்டது. போர்ப் பகுதியில் இத்தகைய கருவிகளை வைத்திருந்தால் காவலில் அடைக்கலாம் என்று 2024-ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கும் வலைப்பதிவர்களிடம் இருந்து எதிர்ப்பு வந்தது. ட்ரோன் இயக்குவது முதல் வரைபடம் பார்ப்பது வரை எல்லாம் அதே போனில்தான் நடக்கிறது என்பது அவர்கள் வாதம். பணிக்காகப் பயன்படுத்துவதற்கு விலக்கு கொடுத்துத்தான் சட்டம் நிறைவேறியது. அதாவது சண்டைக்கு போன் வேண்டும், அம்மாவிடம் பேச வேண்டாம்.

இந்தியாவும் விலக்கு இல்லை. 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை போனில் இருந்து நீக்கும்படி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. இதில் ராணுவத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓடுபவர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ராவா செயலி 2017-ல் வெளியிட்ட வரைபடத்தில், வீரர்கள் ஜாக்கிங் போன பாதையை வைத்தே வெளிநாட்டு ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிந்த கதையை எல்லோரும் பார்த்தார்களே.

ஆகவே கூட்டல் குறி. போனை ஆன் செய், ஒரு குறி போடு, ஆஃப் செய். தணிக்கை அதிகாரி இப்போது சிப்பாயின் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

இடையில் யாருமே இல்லாதபோது?

இதுவரை சொன்ன எல்லா உதாரணத்திலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. கடிதத்தை வேவு பார்த்த அதே அரசுதான் அதைச் சுமந்துகொண்டும் போனது. ஆள் இறந்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அதற்குத்தான். 56 ஏ.பி.ஓ. என்று எழுதினால் பதில் சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது.

ரஷ்ய ராணுவத்தில் சிக்கிய இந்தியர்களின் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டுகளாலும் சமூக வலைதள விளம்பரங்களாலும் கூட்டிப்போகப்பட்டவர்கள் பலர். போன இடத்தில் புரியாத மொழியில் ஒப்பந்தம், கொஞ்ச நாள் பயிற்சி, பிறகு போர்முனை. 2024 மார்ச்சில் பஞ்சாப், ஹரியானாவைச் சேர்ந்த 7 பேர் ஒரு சின்ன அறையில் ராணுவ உடையில் நின்றபடி எடுத்த வீடியோ வெளியானது. சுற்றுலா வந்த எங்களை ஏமாற்றிச் சேர்த்துவிட்டார்கள், காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள். இந்தப் போரில் இந்தியச் சிப்பாய் எழுதிய கடிதம் என்றால் அந்த வீடியோதான். அப்பா பெயருக்கு எழுதாமல் நாட்டுக்கே எழுத வேண்டியிருந்தது.

அதே மாதம் சி.பி.ஐ. ஆள்கடத்தல் வழக்கில் சோதனைகள் நடத்தியது. ஜூலையில் மாஸ்கோ சென்ற பிரதமர் மோடி, அதிபர் புதினிடம் இவர்களை விடுவிக்கும்படி கேட்டார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு இது: ரஷ்ய ராணுவத்தில் இருந்ததாகத் தெரியவந்த இந்தியர்கள் 126 பேர். திரும்பி வந்தவர்கள் 96. இறந்தவர்கள் 12. அப்போதும் அங்கே இருந்த 18 பேரில் 16 பேரைக் ‘காணவில்லை’ என்று வகைப்படுத்தியது ரஷ்யத் தரப்பு. அதன் பிறகும் புதிதாக ஆள் சேர்ப்பது நிற்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் இத்தகைய வேலை வாய்ப்புகளை ஏற்க வேண்டாம் என்று அமைச்சகம் மீண்டும் எச்சரித்தது. இந்தியா மட்டும் இல்லை, இலங்கையின் முன்னாள் ராணுவத்தினரும் நேபாள இளைஞர்களும் இதே வலையில் விழுந்தார்கள். 2024 ஜனவரியில் ரஷ்யா, உக்ரைன் இரண்டுக்குமே வேலைக்குப் போகும் அனுமதியை நேபாளம் நிறுத்தி வைத்தது.

‘காணவில்லை’ என்ற சொல்லை வீட்டில் இருந்து யோசித்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும். வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த வாய்ஸ் மெசேஜ், அதற்குப் பிறகு ஒற்றை டிக். போன் பறிக்கப்பட்டதா, சிக்னல் இல்லாத இடமா, காயமா, சிறையா, இல்லை அதற்கும் மேலா? கேட்க அலுவலகம் ஒன்றும் பக்கத்தில் இல்லை. தூதரகம் ரஷ்யத் தரப்பைக் கேட்க வேண்டும், அது தன் படைப்பிரிவைக் கேட்க வேண்டும். ஹோவெலின் காலத்தில் ஒரு பஞ்சாப் கிராமத்துக்கு, தாமதமாகவாவது, ஒரு முறையான தகவல் வந்து சேர்ந்தது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. 1949-ம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளுக்குக் கடிதம் எழுதும் உரிமையை எண்ணிக்கை போட்டே கொடுக்கிறது. முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள், பிடிபட்ட தகவலைக் குடும்பத்துக்குச் சொல்லும் அட்டை அனுப்ப அனுமதிக்க வேண்டும். அதன் பிறகு கடிதங்களுக்கு வரம்பு வைத்தாலும், மாதம் 2 கடிதம், 4 அட்டைக்குக் குறையக் கூடாது. சண்டையில் இருக்கும் வீரருக்கு இப்படிக் கணக்குப் போட்ட உத்தரவாதம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கைதியானால் மாதம் 6 தபால் உறுதி, சண்டையில் இருந்தால் அவரவர் ராணுவம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்த ராணுவமே வேறு நாட்டுடையதாக இருந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றிய யோசனை இல்லை.

1977-ல் வந்த முதல் கூடுதல் நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், தம் உறவினரின் கதி என்ன என்று அறிந்துகொள்வது குடும்பங்களின் உரிமை என்கிறது. ரஷ்யாவும் உக்ரைனும் அதை ஏற்ற நாடுகள். இந்தியா அதில் சேரவில்லை.

நடைமுறையில் காணாமல் போனவர்களைத் தேடும் வேலையை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் மத்தியத் தேடல் பிரிவு செய்கிறது. உக்ரைன் அரசு 2024 ஜனவரியில், ரஷ்ய வீரர்களைத் தேடும் ரஷ்யக் குடும்பங்களுக்காகவே ‘தேட விரும்புகிறேன்’ என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. தன் நாட்டு அரசிடம் பதில் கிடைக்காத தாய், எதிரி நாட்டிடம் விண்ணப்பம் போடுகிறார். இதில் மனிதாபிமானம் எவ்வளவு, உளவியல் போர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஹோவெலின் அலுவலகத்தைப் போலத்தான் இதுவும்: தகவலும் போய்ச் சேருகிறது, நடுவில் உள்ளவருக்கு ஆதாயமும் இருக்கிறது.

வெளிநாட்டு ராணுவ வேலை என்று ஏஜெண்டுகள் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளில் சம்பளமும் குடியுரிமையும் முதலில் வருகின்றன. அங்கிருந்து வீட்டுக்கு எப்படித் தொடர்புகொள்வது, போன் யாரிடம் இருக்கும், ஏதாவது ஆனால் எந்த முகவரிக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கலாம். ஏஜெண்டிடம் அதற்குப் பதில் இருக்காது.